கேக்கின் கடைசித் துண்டு

டூ ஹார்பர்ஸ், மினசோட்டா
அக்டோபர் 19, 1997

அன்புள்ள வெர்ன்,

இங்கே நலம். கப்பலில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டெட்ராய்ட்டில் தபால் படகு உங்கள் கப்பலை எட்டிப் பிடிக்கும்போது இது உன் கைக்கு வந்துவிடும். நாய்க்குக் கால் சரியாகிவிட்டது. அணிலைத் துரத்தும் புத்திதான் சரியாகவில்லை.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேப்டன் உன்னை இரண்டாம் மேட் அதிகாரி ஆக்குகிறேன் என்கிறார். நம் ஊர்த் துறைமுகத்திலும் உனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் நீ முடிவு சொல்லியாக வேண்டும். "நீ என்ன சொல்ற மார்லிஸ்?" என்று கேட்டாய். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றேன். நம் ஊரில் இதைவிட மரியாதையான பதில் கிடையாது.

என் மாலை வகுப்பில் இப்போது வாதக் கட்டுரை எழுதுகிறோம். ஆசிரியை டெலூக்கா நியூஜெர்சிக்காரி. வாயில் கொஞ்சம் காரம். ஊர் ஹாக்கி அரங்கத்தை மூடக்கூடாது என்று நான் எழுதினேன். எழுதியதாகத்தான் நினைத்தேன். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாலு பக்கம் படிச்சேன். 'மூடாம இருந்தாலும் தப்பில்லைன்னு சிலருக்குத் தோணலாம்'னு முடிச்சிருக்கீங்க. யாருங்க அந்தச் சிலர்? நீங்க எங்க போனீங்க?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்க அப்படித்தான் எழுதியிருந்ததாம்.

இடைவேளையில் நான் கொண்டுபோன ஆப்பிள் கேக் ஒரு துண்டு மிச்சமிருந்தது. வழக்கம்போல ஒருவன் அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டான். அடுத்தவள் மிச்சத்தில் பாதி. அப்புறம் இன்னொருவர் அதிலும் பாதி. தட்டில் விரல்நகம் அளவுக்கு நின்றது. கடைசித் துண்டை எடுப்பது நம் ஊரில் மரியாதை இல்லையே, யாரும் தொடவில்லை. டெலூக்கா வந்தாள், அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. "எனக்கு வேணும், எடுத்துக்கிட்டேன். உங்க முதல் பத்தி இப்படி இருக்கணும்" என்றாள்.

வேண்டியதை முதலிலேயே ஒரே வரியில் சொல்லிவிட வேண்டுமாம். பிறகு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்த்த சாட்சி. எதிராளியின் கட்சியை, அவனே படித்து "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்டும்படி எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் நமக்குப் பதில் சொல்ல உரிமை. நோஞ்சானை நிறுத்தி அடித்துவிட்டு ஜெயித்தேன் என்று மார்தட்டக்கூடாது என்றாள். திருத்தி எழுதினேன், பரவாயில்லாமல் வந்தது. ஆனால் எழுதும்போது என் நினைப்பு அரங்கத்தில் இல்லை.

உன் கட்சியைச் சொல்லிப் பார்க்கிறேன். கடல் மாதிரி விரிந்த அந்த ஏரியில், கப்பலில் இருக்கும்போதுதான் நீ நீயாக இருக்கிறாய். மேட் பதவிக்காக ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்துத் தேர்வு எழுதினாய். கரையில் கொஞ்ச நாள் இருந்தாலே பொழுது போகாமல் சமையலறை அலமாரிகளைக் கழற்றி மாட்டத் தொடங்கிவிடுவாய். சரியாகச் சொன்னேனா? தலையாட்டினாயா?

என் கட்சி இது. ஏரியில் நவம்பர் புயல்காற்று கிளம்பினால் நான் வானொலியை அணைப்பதில்லை. அது எந்தக் கப்பலின் பெயரையும் சொல்லாமல் செய்தியை முடிக்கும்வரை உட்காருவதும் இல்லை. மறந்துபோய் உனக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறேன், பிறகு எடுத்து அடுக்குகிறேன். நீ ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "பரவாயில்லை, போய்ட்டு வா" என்றேன். பரவாயில்லை என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

முதல் வரியில் வந்திருக்க வேண்டியது இப்போதுதான் வருகிறது. டெலூக்கா மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைக்கட்டும். துறைமுக வேலைக்குச் சரி என்று சொல். எனக்கு நீ வேண்டும், வெர்ன்.

ஏரி உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன்
மார்லிஸ்