மூடிவைத்த டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி சொல்லிவிட்டார்களா?

எனக்குப் பெண்கள் வார்டில் டியூட்டி போட்டிருக்கிறார்கள். உங்கள் வயது அம்மாள் ஒருவர், "தம்பி, நீ தங்கமான நர்ஸுதான். ஆனா எனக்கு உடம்பு துடைக்க ஒரு பொம்பளை வரட்டும்" என்றார். நியாயம்தானே? சூப்பர்வைசரிடம் சொன்னேன். "கேக்குறது அவங்க உரிமை. இருக்குற பொம்பளை நர்ஸெல்லாம் பிரசவ வார்டுல. ஆளுக்கு நான் எங்க போறது?" என்று சலித்துக்கொண்டார்.

மூன்று நாளாக என் டியூட்டி நேரத்தில் அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரைத் திறப்பதே இல்லை. "தண்ணி குடிச்சா பெட்பேன் வைக்க நீதானே வருவே?" என்று சிரிக்கிறார். நானும் சிரித்துவைத்தேன். அடுத்த வாரமும் அங்கே எனக்குத்தான் டியூட்டி.

கிளம்ப நேரமாகிவிட்டது. எனக்கு லீவு கிடைக்காது. அக்காவைத் துணைக்கு இருக்கச் சொல்லுங்கள். அவளாலும் முடியாமல், என்னைப்போல் எவனாவது பெட்பேனோடு வந்து நின்றாலும், நீங்கள் தண்ணீர் குடித்துவிடுங்கள், அம்மா.

உங்கள் மகன்