சோதனைக்குக் கொடுத்த ரத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பூங்கோதையின் வணக்கம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? விருத்தாசலத்தில் வெயில் குறைந்ததா?

இங்கே ஜெர்மனியில் நாங்கள் ஆராய்வது கைட்டினேஸ் என்னும் நொதி. பூஞ்சையின் சுவரைக் கரைக்க நம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலைச் செடி சுரப்பது. மனித ரத்தத்திலும் உண்டு. ஆஸ்துமா இருந்தால் கூடலாம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவள் என்று என் ரத்தத்தைக் கொடுத்தேன். என்னுடையதுதான் எல்லாரையும்விட அதிகம்! சிரித்துவிட்டோம். பயப்படாதீர்கள், டாக்டரிடம் காட்டிவிட்டேன், லேசான இழுப்புதானாம்.

வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பீங்கான் கம்பெனியிலிருந்து பேசும்போது இருமினால், "களிமண்ணு தூசும்மா, வூட்டுக்குப் போனா சரியாப் போயிடும்" என்பீர்களே, அதை நம்பித்தான். ஆனால் போன ஞாயிறு வீட்டிலிருந்துதானே பேசினீர்கள்? நாலு முறை இருமினீர்கள்.

பஸ் வந்துவிட்டது. ரசப்பொடி கேட்டேன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தப் பார்சலில் உங்கள் நெஞ்சு எக்ஸ்ரேயும் வரவேண்டும்.

மகள்,
பூங்கோதை