உன் கையெழுத்தில் முப்பது மரங்கள்

என் செல்ல வாயாடிக்கு,

இங்கே நான், அம்மா, அண்ணன் மூன்று பேரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், அம்மா பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அம்மாவின் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, இப்போது சமையலறையில் இருந்தே என் சட்டைக் காலர் அழுக்கைக் கண்டுபிடிக்கிறாள், ஏன்தான் செய்தோமோ என்றிருக்கிறது. அண்ணன் பைக் பட்டறையைப் பெரிய தெருவுக்கு மாற்றிவிட்டான், வேலைக்குக் குறைவில்லை, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரத்தான் ஆளைக் காணோம்.

போன மாதம் போனில் சொன்னாயே, உன் மருந்தகத்துக்கு வந்த பெட்டியில் மேலே ஒட்டியிருந்தது ஒன்று, உள்ளே இருந்த மாத்திரை வேறு, விட்டுத்தள்ளு என்று மேலாளர் சொல்லியும் கேட்காமல் திருப்பி அனுப்பினேன் என்று. நான் சபாஷ் போடவில்லை. போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாயாம். அதற்குப் பதில்தான் இது, இதை உனக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போது என்னோடு வனத்துறை விதைக்கிடங்குக்கு வந்து மூட்டைகளுக்குச் சீட்டு எழுதித் தருவாயே. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல், உன்னுடையது முத்து முத்தாக இருக்கும். காட்டின் எண், தேதி, எடை, கடைசி வரியில் ‘தாய்மரங்கள்: முப்பது’. நான் சொல்லச் சொல்ல எழுதினாய். அது என்னப்பா முப்பது என்றுகூடக் கேட்டாய். காடு முழுக்கத் தள்ளித் தள்ளி நிற்கிற முப்பது மரங்களில் ஏறி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு காய் பறித்துக் கலக்க வேண்டும், எல்லாம் ஒரே மரத்துப் பிள்ளைகளாக இருந்தால் ஒன்றை வீழ்த்துகிற நோய் எல்லாவற்றையும் வீழ்த்திவிடும் என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். விளக்கியதில் தப்பில்லை. ஆனால் முப்பது மரத்தில் நான் ஏறவே இல்லை. காட்டு வாசலில் நெட்டையாக நிற்குமே, நீ தலைவி என்று பேர் வைத்தாயே, அந்த ஒரே மரத்தில்தான் எல்லாவற்றையும் பறித்தேன். முதல் வருஷம் காரணம் இருந்தது. காய் முற்றி வெடிப்பதற்குப் பத்து நாள்தான் கிடைக்கும், அந்தப் பத்து நாளும் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த ஐந்து வருஷத்துக்கு ஒரு காரணமும் இல்லை, சோம்பேறித்தனம்தான். நேரான மரம், அதன் பிள்ளைகளும் நேராகத்தானே இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே நேராகத்தான் வளர்ந்தன, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கிழக்குச் சரிவு முழுக்க அந்தப் பிள்ளைகள்தான். இந்தக் கோடையில் தண்டைத் துளைக்கிற வண்டு வந்தது. பழைய காட்டில் பத்துக்கு மூன்று மரம் போயிற்று, மற்றவை தாக்குப்பிடித்து நிற்கின்றன. கிழக்குச் சரிவில் இரண்டே மாதத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆராய்ச்சி நிலையத்து அம்மையார் ஒருவர் வந்து இலைகளைக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு, இதெல்லாம் ஒரே தாயோட பிள்ளைங்க, ஆனா சீட்டுல முப்பதுன்னு இருக்கே என்றார். பிறகு, அழகான எழுத்து, யாரோடது என்று கேட்டார்.

எங்கள் அதிகாரி நல்லவர், எனக்கு ஓய்வுக்குப் பத்து மாதம்தான் இருக்கிறது என்று பாவம் பார்த்தார். ஒரு மூட்டையில சீட்டு மாறிப்போச்சுன்னு எழுதிடலாம், பழைய கிடங்குக்காரர்தான் இப்ப உயிரோட இல்லையே, அவர் வந்து சாட்சி சொல்லவா போறார் என்றார். உனக்குப் பென்சில் சீவிக் கொடுப்பாரே, அவரேதான். நானும் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு மூட்டை என்று எழுதினால் மற்ற மூட்டைகள் நல்லவை என்று ஆகிவிடும். கிடங்கில் இருந்த அந்த விதையைப் போட்டு முளைத்த நாற்பதாயிரம் கன்றுகள் நாற்றங்காலில் முழங்கால் உயரம் நின்றன, மழை விழுந்ததும் இன்னும் இரண்டு சரிவுகளுக்குப் போக வேண்டியவை. மறுநாள் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கன்றுகளை நிறுத்திவிட்டார்கள். விசாரணை நடக்கிறது, என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதிகாரி இப்போது என்னிடம் “ம்” என்பதோடு சரி. அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நான் வாங்கிட்டு வர்ற தக்காளியை ஒண்ணுவிடாம எண்ணிப் பார்க்கிற மனுஷனுக்கு மரத்தை எண்ணத் தெரியலையா என்றாள்.

இந்தப் பருவத்துக் காய் முற்றியதும் நானே கேட்டுக்கொண்டு மறுபடி பழைய காட்டுக்குப் போனேன். அண்ணன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து மரம் ஏறினான், என் முழங்கால் இனிமேல் அதற்கு ஆகாது. அம்மா கீழே நோட்டோடு உட்கார்ந்து எண்ணினாள், புதுக் கண் அல்லவா, ஏமாற்ற முடியாது. கோணல் மரம், குட்டை மரம், வண்டு துளைத்தும் சாகாமல் நிற்கிற மரம், முன்பு நான் திரும்பியே பார்க்காத எல்லாவற்றிலும் பறித்தோம். எந்த மரத்துக்குள்ள என்ன பலம் இருக்குன்னு வெளியில பார்த்தா தெரியாது என்று அந்த அம்மையார் சொல்லியிருந்தார். பத்து நாளில் பதினேழு மரம்தான் முடிந்தது. மீதிக் காய் வெடித்துவிட்டது. முப்பதுன்னே போடுங்க, குறைஞ்சா பதிவேட்டுல ஏத்த மாட்டாங்க என்றார் இப்போதைய கிடங்குக்காரர். என் கோழிக் கிறுக்கலில் பதினேழு என்று எழுதிக் கட்டினேன். மீதிப் பதிமூன்று அடுத்த பருவத்துக்கு, நான் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மரத்துக்குச் செய்தது ஒரு பக்கம், உன் கையால் பொய் எழுத வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி எழுதினாய். என்னை மன்னித்துவிடு மகளே. பழைய சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வரியில் முப்பதை அடித்துவிட்டு ‘ஒன்று’ என்று நான் எழுதியிருக்கிறேன். மற்ற வரிகள் நீ எழுதியபடியே இருக்கின்றன, அவற்றில் ஒரு பிழையும் இல்லை.

பவர் கூடிவிட்டது என்றாயே, மூக்குக் கண்ணாடியை மாற்று, மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், முதலில் என்னிடம் பேசு. திட்ட வேண்டும் என்றால் திட்டு, இந்த முறை எழுந்து போக மாட்டேன். நீ எங்கே இருந்தாலும் நிறைவாக இரு, நீண்ட நாள் இரு.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா