தூங்குவதாகச் சொல்லிவைத்திருக்கிறோம், சார்

அன்பும் கொஞ்சம் பயமுமாக, சாருக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தபோது உங்கள் எதிரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள், நீங்கள் போன பிறகு இப்படி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மந்தைவெளியில் உங்கள் தெருமுனை அச்சுக்கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் செல்விதான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்று தெரிந்ததும், மனுக்களையெல்லாம் என்னிடமே அடிக்கக் கொடுத்தீர்கள். ஒரு கமா விட்டுப்போனாலும் வெயிலில் திரும்பி வருவீர்கள். "படிக்கறவா மூச்சு விட எடம் வேண்டாமாம்மா?" என்பீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போவதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலை பார்த்த வெளிநாட்டில் பிறந்தவர் உங்கள் மகள் நித்யா அக்கா. அந்த நாட்டுக் குடியுரிமை பிறப்பிலேயே வந்தது; படிக்கப்போன நாட்டின் குடியுரிமை பிறகு வந்தது. பிறந்த ஊரை ஒருமுறை பார்க்கலாம் என்று போனவர், தான் பிறந்த ஆஸ்பத்திரியைப் படமெடுத்தார். வாசலில் இருந்த மரம் இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். பக்கத்துக் கட்டடம் ராணுவத்துடையது. உளவு பார்த்தார் என்று பிடித்து வைத்துவிட்டார்கள்.

பிடித்தவர்கள், இவர் எங்கள் குடிமகள், வேறு யாரும் கேட்க வேண்டாம் என்கிறார்கள். இன்னொரு நாடு, பேசிக்கொண்டிருக்கிறோம் என்கிறது. இங்கே நம் அரசு அலுவலகத்தில், இரண்டும் நம் பாஸ்போர்ட் இல்லையே என்றார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை சார். இரண்டு நாட்டுக்குச் சொந்தமான ஒருவருக்காக எந்தக் கதவைத் தட்டுவது?

இனி இங்கத்திய சேதி. நீங்கள் போன பிறகு வந்த பங்குனியில், அறுபத்து மூவர் அன்று, மயிலாப்பூர் மாட வீதியில் நாங்களும் ஒரு நீர்மோர்ப் பந்தல் போட்டோம். அவ்வளவு கூட்டம் வேறு எங்கே கிடைக்கும்? எங்கள் கடைக்கார மணி அண்ணன் அக்காவின் படத்தை ஆள் உயரத்துக்கு அடித்துக் கொடுத்தார். நடுவில் முகம், கீழே பெயர், அதற்கும் கீழே 'விடுதலை செய்'. "மூஞ்சி பெருசா இருந்தாதாம்மா கண்ல படும்" என்றார்.

கண்ணில் பட்டது. மோர் வாங்கிய ஒருவர் படத்தைப் பார்த்தார். குடிக்காமல் செருப்பைக் கழற்றினார். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா, ஒரு முழம் மல்லியை அறுத்துப் படத்தின் மேல் செருகிவிட்டு என்னிடம் கேட்டார்: "எப்பம்மா ஆச்சு? சின்ன வயசாக் கீதே."

நம் ஊர்ச் சுவரில், கட்சிக்காரர் அல்லாத ஒற்றை முகம் பெரிதாக இருந்தால் அது கண்ணீர் அஞ்சலிதான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? நாங்கள் கடையில் நாள் தவறாமல் அப்படி ஒன்றாவது அடிக்கிறோம். எங்களில் ஒருவருக்குக்கூட ஏன் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

உங்கள் வீட்டு மாமி பக்கத்திலேயே நின்றிருந்தார். வெளியே மூச்சு விடாதீர்கள் என்று வக்கீலும் உறவுக்காரர்களும் சொல்லியிருந்ததால், அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் "அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்றே சொல்லிவந்தவர். மோர்க் கரண்டியைக் கீழே வைத்தார். "அவ உசிரோட இருக்கா. என்னோட பேசறா. ஒரு தப்பும் பண்ணாதவள அநியாயமாப் பிடிச்சு வெச்சிருக்கா" என்றார்.

பூக்கார அம்மா சட்டென்று பூவை உருவினார். "ஐய, தெரியாம வெச்சிட்டேனே தாயீ" என்று அதை மாமியின் தலையில் வைக்கப் போனவர், மாமியின் நெற்றியைப் பார்த்தார். கையைத் திருப்பி என் பின்னலில் செருகினார். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாத்துக்குப் புடிச்சானுங்க? மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். மாமி சொன்னார் சார். மோர் தீர்ந்த பிறகும் ஆட்கள் நின்று கேட்டார்கள்.

மணி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "வாய்ல பஜ்ஜியோட கீற போட்டோ எதுனா இருந்தா குடு. செத்தவங்கள யாரும் துன்னுக்கினு இருக்கற மாதிரி போடமாட்டான்" என்றார். பெசன்ட் நகர் கடற்கரையில் நீங்கள் எடுத்த படம் கிடைத்தது. கன்னம் உப்ப, கண் பாதி மூடி. அதை அட்டை விசிறியில் அடித்து தி.நகரிலும் அடையாறிலும் கொடுத்தோம். இப்போது எல்லோரும் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் படிக்கிறார்கள்.

நேற்று திருவான்மியூர் பஸ்ஸில் ஒரு அம்மா அந்த விசிறியை வீசிக்கொண்டே பக்கத்தில் இருந்தவருக்கு அக்காவின் கதையைச் சொன்னார். பாதி தப்பு. இரண்டு நிறுத்தம் தயங்கிவிட்டு எழுந்து போய்த் திருத்தினேன். வீட்டில் சொன்னால் அம்மா, "ஊமச்சி மாதிரி இருந்துட்டு, இப்ப பஸ்ல பிரசங்கமா?" என்கிறார்.

இதையெல்லாம் சொல்வதற்காக மட்டும் எழுத உட்காரவில்லை.

அக்காவை எப்போதாவது போனில் பேச விடுகிறார்கள். தமிழில் பேசக்கூடாது, காவலருக்குப் புரிய வேண்டுமாம். அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று இங்கிலீஷில் கேட்டுக்கொள்வதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் பேசுவது போலிருக்கும். ஒவ்வொரு முறையும் அவர் உங்களைக் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் மாமி, நீங்கள் தூங்குவதாகச் சொல்கிறார்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் மாமியிடம் வாங்கிய சத்தியம் அப்படி. "அவ வெளில வர்ற வரைக்கும் அவளுக்குத் தெரியப்படாது." அதனால் பேப்பரில் அறிவிப்பு கொடுக்கவில்லை. உங்கள் முகம் போட்ட அஞ்சலிச் சுவரொட்டியை நான் அடிக்கவும் இல்லை. உயிரோடு இருக்கும் பெண்ணுக்குப் பூ வைத்த ஊர், உங்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

போன தடவை பேசும்போது அக்கா ஒன்று சொன்னார். உளவு பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் அனுப்புவார்களாம். இதுவரை மறுத்துவந்தவர், போட்டுவிடலாம் என்று இருக்கிறாராம். ஏன் என்று மாமி கேட்டார். அப்பா எப்போது பார்த்தாலும் தூங்குகிறாரே, உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது, அதற்குள் வந்து பார்த்துவிட வேண்டும் என்றார்.

செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இல்லாத உங்களைப் பார்க்க வரப்போகிறார்.

போனை வைத்துவிட்டு மாமி என் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார்: "தூங்கறார்ங்கறத இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். மத்தத அந்த பாஷைல என்னால முடியாதுடீ செல்வி. நீ சொல்றியா?"

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்டால் அவர் உறுதியாவாரா, உடைந்துபோவாரா? கையெழுத்துப் போடாவிட்டால் இன்னும் எவ்வளவு காலம் உள்ளே இருப்பார்? தெரியவில்லை. எதைத் தீர்மானித்தாலும், உள்ளது தெரிந்து அவரே தீர்மானிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

அடுத்த முறை போன் வரும்போது நான்தான் பேசுவேன், சார். குரல் நடுங்கினாலும் முழுதாகச் சொல்வேன். அக்காவுக்குத் தெரிந்த பிறகுதான் இதை அச்சுக்குக் கொடுப்பேன். அவர் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நாங்கள் அவருக்காகத் தெருவில் நிற்பதை நிறுத்த மாட்டோம்.

கேட்கக் கூச்சப்பட்டு இதுவரை தள்ளிப்போட்ட ஒன்று பாக்கி இருக்கிறது. மாமி தினமும் உங்கள் படத்துக்கு எதிரில் போய் நிற்கிறார். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அவரால் கேட்க முடியாது என்பதால் நான் கேட்கிறேன். அந்தச் சத்தியத்தை மாமியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சார்.

நித்யா அக்காவின் தங்கை,
செல்வி