காற்றுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

மாப்ள,

நேற்றுச் சாயங்காலம் மகள் ஒரு பன்னீர் சோடாவை உடைத்தாள். கோலி விழுந்த சத்தத்தோடு பன்னீர் வாசனை வீடெல்லாம் பரவியது. சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய வரைபடம். பறக்காமலிருக்க மூலைக்கு மூலை டம்ளர். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, குழாயில் கொண்டுபோய்ப் பூமிக்கடியில் சேமிக்கப் போகிறார்களாம். அந்தக் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று பார்ப்பது இப்போது அவள் வேலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வேலையை நாம் எப்போதோ பார்த்துவிட்டோமே, அதுவும் சோடா விற்பதற்காக.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல் பக்கம் நான் வேலை பார்த்த எரிசாராய ஆலையில், கரும்புப் பாகுக் கழிவு புளிக்கும் தொட்டிகளிலிருந்து அந்த வாயு சும்மா வெளியே போய்க்கொண்டிருந்தது. ராசிபுரத்திலிருந்து வந்து பக்கத்தில் சோடாக் கம்பெனி வைத்திருந்த நீ, சோடாவில் அடைக்கும் அதே கேஸ் சிலிண்டருக்காகச் சேலத்துக்கு அலைந்துகொண்டிருந்தாய். ஒருநாள் தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை கேஸை ஆகாசத்துக்கு உட்டுட்டு இருக்கறீங்களே மாப்ள. ஒரு பைப்பு போட்டா என்ன?" என்றாய். ஆலையில் சம்மதித்தார்கள். நீ வீட்டுத் தறிகளை விற்றுக் கம்ப்ரஸர் வாங்கினாய். அதற்காகத் தங்கச்சி, உன் வீட்டுக்காரி, உன்னோடு பேசாமலே சோறு போட்டாள். குழாய் வந்து சேராவிட்டால் உனக்குத் தறியும் இல்லை, சோடாவும் இல்லை.

நடுவில் ஒரு பெரிய தோட்டம் இருந்தது. தோட்டத்துக்காரர் முன்கோபி என்று ஊரெல்லாம் பேர். அவரைக் கேட்கப் பயந்துகொண்டு நாம் இட்டேரி வழியாகக் குழாயைத் திட்டமிட்டோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் பள்ளமாக வண்டித்தடம். யாருக்கும் சொந்தமில்லாத பாதை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் புத்திசாலித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

குழாயைப் புதைக்கும் முன் தரையிலேயே போட்டு வாயுவை விட்டுப் பார்த்தோம். ஓர் இணைப்பில் புஸ்ஸென்று கசிந்தது. நீ அங்கே குத்தவைத்து உட்கார்ந்து பசை தடவிவிட்டு, மெதுவாக ஒரு பீடியை எடுத்தாய். குச்சி உரசியவுடன் அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. "தீப்பெட்டி பூராம் நமுத்துப் போச்சாட்ட இருக்குது" என்று கம்பெனிக்காரனைத் திட்டினாய். எனக்கு அப்போதுதான் உறைத்தது: கசிந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்திலேயே தேங்கி நிற்கிறது. காலரைப் பிடித்து உன்னைக் கரைமேல் இழுத்துப் போட்டேன். தலை சுற்றுகிறது என்றாய். கொஞ்ச நேரம் கழித்து அதே பெட்டியை உரசினாய், பற்றிக்கொண்டது. வயிறு வலிக்கச் சிரித்தோம். வால்வை மூடிவிட்டு வரும்போது எதிரே ஒரு ஆட்டுக் கூட்டம் இட்டேரிக்குள் இறங்கியது. உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"தீக்குச்சியே அவிஞ்சு போற பள்ளத்துல குட்டி ஆடு என்ன மாப்ள பண்ணும்?"

அப்படியானால் குழாய் மேட்டில்தான் போக வேண்டும். மேடு என்றால் தோட்டத்துக்காரரின் நிலம். நீ சளைக்கவில்லை. பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, சலவை வேட்டியோடு கிளம்பிவிட்டாய். அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "வாங்க. எந்த ஊட்டுக் கல்யாணமுங்க?" என்றார்.

"கல்யாணம் இல்லீங்க. எங்க காத்தை உங்க தோட்டத்து மேட்டு வழியா அனுப்பி வெக்கோணுமுங்க. கேட்டுட்டுப் போலாம்னு வந்தோமுங்க."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை. "இட்டேரில போனா ஆகாதுங்களா?"

சுற்றுவழி என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் வாயெடுத்தேன். நீ அதற்குள் தீக்குச்சியில் ஆரம்பித்துவிட்டாய். நான் உன் தொடையைக் கிள்ளினேன். நீ நிறுத்தவில்லை, தலை சுற்றியது, ஆட்டுக்குட்டி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாய். தறி போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார்.

"கீழ நடக்கறவங்களுக்கு ஆகாதுன்னுதானே மேல கேக்க வந்திருக்கறீங்க. கெணத்துக்குத் தூரமாப் போட்டுக்குங்க."

அடுத்த தை மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு நம் சோடாதான். நீ பெண்ணுக்குத் தாய்மாமன் மாதிரி பெட்டிகளுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றாய். பந்தலே திரும்பிப் பார்க்கும்படி அவர் ஒரு ஏப்பம் விட்டார். நீ என் காதில், "நம்ம காத்து வந்து சேந்துருச்சு மாப்ள" என்றாய். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

நாளை மகள் குழாய் போகும் ஊர்க்காரர்களைப் பார்த்து அனுமதி கேட்கப் போகிறாள். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். நம் கதையை நூறு தடவை கேட்டவள், வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமா தட்டை எடுத்து வைங்கப்பா. நான் தீக்குச்சியிலிருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்."

மனசு உன்னை அப்போது ரொம்பத் தேடியது மாப்ள. நீ கடைசியாக என்னிடம் விட்டுப்போன அந்தத் தட்டைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். வெற்றிலை மட்டும் காலையில்தான் வாங்க வேண்டும்.