வழி கேட்டு வந்த போலீஸ்

செவ்வாய்க்கிழமை, இரவு.

வயிறு எரிகிறது. பக்கத்து வீட்டு மேரி அக்காவின் மகன் போன வாரம் கஞ்சாவோடு பிடிபட்டான். அவனுக்குச் சரக்கு விற்பவன் யார் என்று போலீஸுக்குப் போன் செய்து சொன்னேன். "உங்க பேரு வெளிய வராது மேடம்" என்றார்கள்.

இன்று காலை, நான் சொன்ன தகவலுக்குக் கையெழுத்து வாங்க ஒரு போலீஸ்காரன் யூனிபார்மோடு தெருவுக்கே வந்துவிட்டான். வழி கேட்க அவனுக்குக் கிடைத்த ஆள், குழாயடியில் நின்ற மேரி அக்கா!

"கஞ்சா கேஸ்ல தகவல் குடுத்தாங்களே, கலா மேடம், அவங்க வூடு எங்க கீது?"

அக்காவே கூட்டிவந்து என் கதவைத் தட்டினாள். அவனை நன்றாகக் கேட்டுவிட்டேன்.

"அவங்க யாருன்னு எனக்கு இன்னா தெரியும் மேடம்? வழிதான கேட்டேன்" என்கிறான். மடையன்!

அவன் போனதும் அக்கா திரும்பி வந்தாள். வேலைக்குப் போகும்போது நான் அவளிடம் கொடுத்துவைக்கும் வீட்டுச் சாவியை நீட்டினாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கலா. இத இனிமே வேற யாராண்டயாவது குடு."

சாயங்காலம் செங்கல்பட்டு வண்டியை விட்டு இறங்கி வரும்போது பார்த்தேன். சரக்கு விற்கிறவன் வழக்கம்போல ரயில்வே கேட் பக்கத்தில் நிற்கிறான். அவன் வீட்டுக்கு மட்டும் ஒரு போலீஸும் வழி கேட்கவில்லை.