தூக்க இருவர், பேச ஒருத்தி

அன்பு மகள் ரோவேனாவுக்கு,

மாதாவின் கருணையால் அப்பா கை கால் முழுசாக இருக்கிறேன், வீடும் நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன். துபாயில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு, இங்கே விமான நிலையம் மூடிக்கிடந்ததால் நீ பாதி வழியிலேயே திரும்பிப் போனாயே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் நீ அழுததில் பாதி கேட்கவில்லை, லைன் அப்படி. ஒன்று மட்டும் காதில் விழுந்தது. புயலில் அம்மாவை ஆளில்லாமலா அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டாய். அதற்குப் பதில் போனில் அடங்காது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அம்மா டேக்கியா எண்பத்து மூன்று வயது வாழ்ந்தாள், என்னைவிட ஏழு வயது மூத்தவள், அதை ஒரு நாளும் எனக்கு மறக்க விட்டதில்லை. கம்போடிய எல்லை முகாம், திமோர், அச்சே என்று எங்கே ஜனங்கள் கூடாரத்தில் கிடந்தார்களோ அங்கெல்லாம் போய்க் கஞ்சி காய்ச்சி ஊசி போட்டுவிட்டு வந்தவள். நம் சமார் தீவைத் தாண்டாத எனக்கு, அவள் பயணப் பெட்டிக்குத் தெரிந்த ஊர்கள்கூடத் தெரியாது. ஆனால் அவள் அச்சேயில் இருந்த வருஷம்தான் நம் ஊரில் ஆறு ஏறி ஏழு பேரைக் கொண்டுபோனது. அதில் ஒருவர், நாம் மனாங் என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பாசிங்கின் வீட்டுக்காரர். உன் அம்மா திரும்பி வந்த அன்று பாசிங் படகுத்துறையிலேயே வைத்து, ஊருக்கெல்லாம் கஞ்சி ஊத்துற மகராசிக்கு அடுத்த வீட்டுக்காரன் தண்ணில போனது தெரியலையா என்று கேட்டாள். உன் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிவிட்டாள். பாசிங் அதற்குப் பிறகு நம் வாசல்படி மிதிக்கவில்லை, இருபது வருஷம்.

அந்த வாரம்தான் உன் அம்மா பட்டியல் எழுத ஆரம்பித்தாள். ஊரில் யார் யார், அவர்களில் யாரால் நடக்க முடியாது, அவர்களைத் தூக்கி வர எந்த இரண்டு பேர், எல்லாம் பேர் பேராக. ஒவ்வொரு ஜூன் மாதமும் திருத்தி எழுதி, எல்லோரையும் மேட்டில் இருக்கும் நம் வீட்டுக்கு ஏற்றி ஒத்திகை பார்த்து, தலையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கலைய விடுவாள். இந்தக் கிழவிக்கு வேற வேலை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார்கள். பாசிங் மட்டும் வர மாட்டாள். அவள் முட்டி போனதிலிருந்து பட்டியலில் அவள் பேருக்கு நேரே தூக்க ரோலியும் அவன் மைத்துனனும் என்றும், அதற்கடியில் பேச நான் என்று தன்னையும் எழுதியிருப்பாள். வருஷா வருஷம் உன் அம்மா போய் அவள் வாசலில் நின்று சண்டை போட்டுத் தோற்று வருவாள்.

அடக்கத்துக்கு முன் உடலை வீட்டில் வைத்து விழித்திருக்கும் துக்கத்தின் மூன்றாம் நாள் காலை புயல் எச்சரிக்கை வந்தது. கூடத்தில் அம்மாவின் சவப்பெட்டி, சுற்றிலும் காபிக் கோப்பைகள், தூக்கம் வராமலிருக்க இரண்டு பேர் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். ஊர்த்தலைவன் ரோலி என் காதருகே குனிந்து, துக்க வீட்டுக்குள்ள ஊரைக் கூட்டி வைக்கலாமா மாமா, எதுக்கும் பள்ளிக்கூடத்துக்கே போயிரட்டுமா என்று கேட்டான். பள்ளிக்கூடம் ஆற்றுப் பாதையிலதான இருக்கு, அங்க அனுப்பினா பெட்டிக்குள்ள இருந்து உன் அத்தை எந்திரிச்சு வந்து உன்னையும் அடிப்பா என்னையும் அடிப்பா என்றேன். பத்து மணிக்குள் ஜனம் ஏற ஆரம்பித்துவிட்டது, யாரும் யாரையும் கேட்கவில்லை, யார் யாரைத் தூக்குவது என்பது கைகளுக்கே தெரிந்திருந்தது. பெட்டியைச் சாப்பாட்டு மேஜைமேல் ஏற்றி இடம் பண்ணினோம். பாசிங் மட்டும் வரவில்லை. ரோலி போய் வெறுங்கையோடு திரும்பி வந்து, பேசுறதுக்கு ஆள் இல்லையே மாமா என்று நின்றான்.

துக்க வீட்டுக்காரன் வந்தவரை வழியனுப்பக்கூட வாசல் தாண்டக் கூடாது, உனக்குத் தெரியும். நான் எழுந்ததும் உன் அத்தை நேனா சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தாண்டினா இன்னொரு சாவு விழும்டா புலோ என்றாள். தாண்டலேன்னாதான் விழும் என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன். பயமாகத்தான் இருந்தது மகளே.

பாசிங் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தரையில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். செத்த வீட்டுக்கு என்னை விருந்துக்குக் கூப்பிட வந்தியா என்றாள். என் புருஷன் கூரைமேல நின்னு கத்தினப்ப வராதவ வீட்டுக்கு நான் எதுக்கு வரணும், போய் உன் பொண்டாட்டிக்கு மெழுகுவத்தி ஏத்து என்றாள். எனக்கு உன் அம்மா மாதிரி சண்டை போட வராது. பட்டியலை நீட்டினேன், உம் பேர்தான் முதல்ல, இருபது வருஷமும் முதல்ல என்றேன். பிறகு உன் அம்மா யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த வருஷத்திலிருந்து ஜூன் பிறந்தால் அவள் பெட்டி கட்டியதில்லை, டிசம்பர் முடியும்வரை எந்த நாடு கூப்பிட்டாலும் எங்க ஊருக்கு மழைக்காலம் என்று சொல்லிவிடுவாள். பாசிங் பட்டியலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாசல்ல நின்னு அத்தனை கத்து கத்தினாளே, இதைச் சொல்லித் தொலைச்சா என்ன குறைஞ்சு போயிருப்பா என்றாள். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னியை விட்டுட்டு வர மாட்டேன் என்றாள். என்னோடு வந்த ரோலியும் மைத்துனனும் அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்க, எழுபத்தாறு வயதில் உன் அப்பன் பன்றியை இழுத்துக்கொண்டு மேடு ஏறினேன். உன் அம்மா பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாள்.

நாங்கள் வந்த அரை மணியில் ஆறு ஊருக்குள் நுழைந்தது. ரோலி தலையை எண்ணினான், நூற்றுப் பன்னிரண்டு. பட்டியலின் அடியில், ஜூனில் உன் அம்மா தன் கையால் எழுதி வைத்தது நூற்றுப் பதின்மூன்று. மறுபடி எண்ணினான், அதே நூற்றுப் பன்னிரண்டு. வாசல் தாண்டியது நான், என்னால்தான் ஒரு உயிர் போகிறது என்று நினைத்தேன். ரோலி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். மூலையில் நாற்காலியிலிருந்து பாசிங்தான் அதட்டினாள். எங்கடா போற, இந்தா மேஜைமேல படுத்திருக்காளே, அவளை யாரு எண்ணுவா, அவளையும் சேத்து எண்ணு என்றாள்.

ரோலி வந்து பெட்டிமேல் கை வைத்து, நூற்றுப் பதின்மூன்று என்றான். நேனாதான் முதலில் கை தட்டினாள், பிறகு கூடம் முழுக்கத் தட்டியது. தன் வீட்டுத் துக்கத்தில் கைதட்டல் கேட்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் வாய்விட்டு அழுதேன், பெருமையில் அழுதேன். பாதி வீடுகள் போய்விட்டன, ஒரு ஆள்கூடப் போகவில்லை.

ஆளில்லாமலா என்று கேட்டாயே. அடக்கத்துக்கு ஊர் மொத்தமும் சேற்றில் இறங்கி நடந்தது, பாசிங்கின் நாற்காலி முன்னால் போனது. நீ வர முடியவில்லை என்று இனி அழாதே. நாற்பதாம் நாளுக்கு அங்கே கோயிலில் பூசை வை, இரும்பு மாத்திரையை நிறுத்தாதே, மாப்பிள்ளையை அதிகம் அதட்டாதே. மாதா உங்கள் இருவருக்கும் துணை நின்று நீண்ட ஆயுளும் நடக்க நல்ல காலும் தரட்டும். நேற்றுப் பாசிங் ஆள் அனுப்பியிருந்தாள், அடுத்த ஜூன் பட்டியலில் தன் பேருக்கு நேரே பேச ஆள் போட வேண்டாமாம், தூக்க இரண்டு பேர் போதுமாம்.

உன் அன்பு அப்பா,
கிறிஸ்புலோ